முகூர்த்த நாளும் தெரு நாயும்

தெருவில் பிடிக்கப்படும் நாய்க்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்குக் காது நுனியில் சிறு துண்டை வெட்டி, எந்த இடத்தில் பிடித்தார்களோ அதே இடத்தில் கொண்டுவந்து விட வேண்டும். விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்வது இதுதான். அதே இடம் என்றால் அதே இடம். அருகில் என்றோ, வசதிப்பட்ட இடத்தில் என்றோ, ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் என்றோ விதியில் இல்லை. விதிகளையும் விதிவிலக்குகளையும் எழுதியே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட ஒரு வாக்கியம் அரசு ஆவணத்தில் கிடைப்பது அபூர்வம். இதை எழுதியவருக்கு அதன் பிறகு பதவி உயர்வு கிடைத்திருக்காது.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெரு ரயில் பாதையில் போய் முட்டி நின்றுவிடும். தெருவின் நடுவில் ஒரு கல்யாண மண்டபம். அதன் பின்பக்கச் சுவருக்கும் எங்கள் அடுக்ககத்தின் காம்பவுண்டுக்கும் இடையில் ஒரு சந்து. பகலிலும் அங்கே வெளிச்சம் குறைவு. பந்தி முடிந்து மடித்த வாழை இலைகள் எல்லாம் அந்தச் சந்துக்குத்தான் வரும். இலைக்குள் தொடாத ஜாங்கிரி, பாதி கடித்த வடை, கூட்டு, சாம்பார் சாதம். எங்கள் சமையலறை ஜன்னல் அதைப் பார்த்தபடி இருப்பதால் மற்றவர்களின் கல்யாண விருந்தைப் பற்றி எனக்கும் என் மனைவிக்கும் நல்ல ஞானம் உண்டு.

என் மனைவி மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தியவள். ஓய்வு பெற்ற பிறகும் பாடத்தை நிறுத்தவில்லை. கேட்பதற்கு நான் ஒருவன்தான் இருந்தேன் என்பது வித்தியாசம். ஜன்னலில் நின்று காய் நறுக்கிக்கொண்டே சொல்வாள். எங்கோ ஒரு வயலில் விழுந்த வெயில்தான் நெல்லானது, அரிசியானது, லாரியேறி வந்து இந்த அண்டாவில் சாதமானது. அதைத் தின்றவர்கள் உடம்பில் அதில் பெரும்பகுதி சூடாகவும் நடையாகவும் பேச்சாகவும் கரைந்து போகும். சுமார் பத்தில் ஒரு பங்கு சதையாகத் தங்கினால் அதிகம். அடுத்த பிராணிக்குக் கைமாறும்போது மறுபடியும் அதே கழிவு. எங்கள் அலுவலகத்தில் கோப்பு மேசை மேசையாகக் கைமாறும்போதும் இப்படித்தான், கடைசியில் வந்து சேர்வது பத்தில் ஒரு பங்குகூட இருக்காது என்றேன். "உங்க கோப்பை எந்த நாயும் திங்காது" என்றாள்.

சந்தில் எத்தனை நாய் வாழும் என்பதைப் பஞ்சாங்கம் தீர்மானித்தது என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. வைகாசி, ஆவணி, தை என்று முகூர்த்தம் நெருங்கி நெருங்கி வரும் மாதங்களில் நாய்களின் விலா எலும்பு தெரியாது. ஆடியில் கல்யாணம் இல்லை. புரட்டாசியிலும் மார்கழியிலும் இல்லை. எப்போதாவது வெளியிலிருந்து வந்து சேரும், கருத்தடைக்குத் தப்பிய ஒரு பெட்டை மழைக்காலத்தில் குட்டி போட்டால், அவை தாய்ப்பால் மறக்கிற நேரத்துக்குச் சரியாக மார்கழி வந்துவிடும். தை பிறக்கும்போது ஒன்றோ இரண்டோ மிஞ்சும், அல்லது ஒன்றும் மிஞ்சாது. தாங்குதிறன் என்று இதற்குப் பாடப்புத்தகத்தில் பெயர். ஓர் இடம் எத்தனை உயிருக்குச் சோறு போட முடியுமோ அத்தனை உயிர்தான் அங்கே நிற்கும். தினசரி காலண்டரைக் கிழிக்கும்போது முகூர்த்த நாள் என்று போட்டிருந்தால் அவள் ஜன்னலைப் பார்த்து "இன்னிக்கு உங்களுக்கு நல்ல நாள்" என்பாள்.

அந்த நாய்கள் எல்லாம் காது வெட்டியவை. சில வருஷங்களுக்கு முன் மாநகராட்சி நாய் வண்டி ஒன்று வந்து பிடித்துப் போய், ஊசி போட்டு, விதி சொன்னபடி இதே சந்தில் கொண்டுவந்து விட்டது. அதாவது விதி ஒருமுறை வேலை செய்திருக்கிறது. பின்னால் நடந்தவை எல்லாவற்றுக்கும் காரணம் அதுதான். ஒருமுறைகூட வேலை செய்யாத விதியை யாரும் நம்புவதில்லை.

அவற்றைப் பார்த்துக்கொண்டவர் மண்டபத்தின் காவலாளி. அவருடைய மனைவி தெருமுனையில் புங்கமரத்தடியில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்ப்பவர். இருவரும் முன்பு சைதாப்பேட்டைப் பக்கம் அடையாற்றங்கரையில் குடியிருந்தவர்கள். கரையைக் காலி செய்தபோது ஊருக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். வேலை கொடுக்கவில்லை. அதனால் அந்த அம்மாள் விடியுமுன் பஸ் ஏறி இங்கே வந்து, பொழுது சாய்ந்து பஸ் ஏறித் திரும்புவார். காவலாளி மண்டபத்திலேயே தங்கிவிடுவார். கல்யாணம் இல்லாத நாளில்தான் வீட்டுக்குப் போவார். காரம் படாத சாதமாகப் பார்த்து இலைகளிலிருந்து வழித்து உடைந்த ஒரு ஆட்டுக்கல் குழியில் போட்டு வைப்பார். நாய்கள் அதைத் தின்றுவிட்டு அவர் நாற்காலியைச் சுற்றிப் படுக்கும். அவற்றில் செவலை நிறத்தில் ஒரு கிழப் பெட்டை. பகலெல்லாம் தேய்ப்பு வண்டிக்குக் கீழே கரித்தூளில் படுத்துக் கிடக்கும். அவர் அதைக் கெழவி என்பார். அவர் கூப்பிடும்போதெல்லாம், "உன்னியத்தான் கூப்டறாரு பாரு" என்று துணி கொடுக்க வருகிறவர்கள் அந்த அம்மாளையும் நாயையும் சேர்த்தே கேலி செய்வார்கள். அந்த அம்மாள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் காட்டுவார்.

பிரச்சினை ஒரு ஸ்கூட்டரில் தொடங்கியது. எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடிப் பெண்மணி வைகாசி மாதத்து ஒரு மாலையில் வண்டியில் திரும்பும்போது நாய் ஒன்று குரைத்துக்கொண்டு பக்கத்தில் ஓடிவர, பதறி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். புகார் நியாயமானது. அந்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் நலச் சங்கம் கூடியது, மண்டபத்தின் சிறிய ஹாலில். சங்கச் செயலாளர் ஆயுள் காப்பீட்டுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், சுறுசுறுப்பானவர். ஓய்வு பெற்றவர்களில் சுறுசுறுப்பானவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

என் மனைவி எழுந்து, நாயைப் பிடிப்பதற்கு முன் இலையை நிறுத்துங்கள் என்றாள். மொத்தமாகக் குப்பை உண்டாக்குகிறவர் ஈரக்குப்பையைத் தன் வளாகத்திலேயே மட்கச் செய்ய வேண்டும் என்ற விதியை நான் எடுத்துக் கொடுத்தேன். செயலாளர் சுற்றிலும் பார்த்தார். ஹாலை மண்டபத்துக்காரர் சங்கத்துக்கு இலவசமாகக் கொடுத்திருந்தார். காபியும் அவருடையது.

"டீச்சர், நாயைப் பத்திப் பேசலாம்னு கூட்டம் போட்டா நீங்க சாப்பாட்டைப் பத்திப் பேசறீங்களே" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். இப்ப இருக்கறது ஊசி போட்ட நாய், குட்டி போடாத நாய். இதுங்களை எடுத்தா இடம்தான் காலியாகும், சோறு காலியாகாது. ரயில் லைனுக்கு அந்தப் பக்கத்திலேர்ந்து வேற வரும். அதுக்கு யாரு ஊசி போட்டிருப்பா?"

சபையில் யாரோ "ஹோம்வொர்க் உண்டா டீச்சர்?" என்று கேட்டார். சிரித்தார்கள். நாய்களை அப்புறப்படுத்த ஆவன செய்வது என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஏகமனதாக என்று எழுதுவதற்கு எங்கள் இரண்டு கைகள் தடையாக இல்லை.

மறுநாள் நான் விதியைத் தட்டச்சு செய்து, அதே இடத்தில் என்ற சொற்களுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு, எங்கள் அடுக்ககத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். சங்கத்துக்கு ஓர் எச்சரிக்கை என்றுதான் ஒட்டினேன். செயலாளர் வேறு விதமாகப் படித்தார்.

வண்டி வந்த அன்று நானும் மனைவியும் கண் பரிசோதனைக்காக அடையாறு போயிருந்தோம். நடந்ததைப் பிறகு தேய்ப்புக்கார அம்மாளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வலையைப் பார்த்ததும் நாய்கள் எல்லாம் கார்களுக்கு அடியில் புகுந்துவிட்டன. முன்பே ஒருமுறை போய்வந்தவை, ஞாபகம் இருந்தது. வண்டிக்காரர்கள் குச்சியை விட்டுக் குத்திப் பார்த்தார்கள். ஒன்றும் வெளியே வரவில்லை. காவலாளி மண்டபத்துக்குள் பந்தல்காரர்களோடு இருந்தார். செயலாளர் நேரே புங்கமரத்தடிக்கு வந்து அந்த அம்மாளை அழைத்துக்கொண்டு போய் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்துப் படித்துக் காட்டியிருக்கிறார்.

"சாரே ஒட்டிக்கிறாரு பாரும்மான்னாரு. ஊசி போடற நாள் வந்துடிச்சி, போட்டு இங்கயே இட்டாந்து வுட்ருவாங்க, போன தபா வுட்டாங்கல்ல அந்த மாதிரின்னாரு. நெசந்தான, போன தபா வுட்டாங்கல்ல? நாந்தான் சார் பொறை போட்டுக் கூப்ட்டேன்."

டீக்கடைக் கண்ணாடி ஜாடியிலிருந்து பொறை ரொட்டி வாங்கி உடைத்து, ஒவ்வொன்றாக அழைத்திருக்கிறார். ஒவ்வொன்றாக வந்தன. கெழவியை வலையில் பிடிக்க வேண்டியே இருக்கவில்லையாம். அது அவர் கையிலிருந்த துண்டுக்காகத் தானாகவே வண்டிப் பக்கம் போயிற்று.

"வண்டில ஏறச்சொல்ல அது என்னிய திரும்பிப் பாத்துச்சி சார்" என்றார். சட்டை ஒன்றை எடுத்து விரித்தார்.

கருத்தடை முடிந்த நாயை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று காவலாளி என்னிடம் கேட்டார். ஏற்கெனவே கருத்தடை ஆனவை, அதனால் சீக்கிரம் வரும் என்றேன். விதிப்படி சொன்னேன். அவர் ஆட்டுக்கல் குழியைக் கழுவி வைத்தார். தினமும் காலையில் நான் பால் வாங்கப் போகும்போது, "இன்னிக்கு வந்துடும்ல சார்?" என்பார். ஒரு வாரம் கழித்து அந்தக் கேள்வியைத் தவிர்க்க நான் தெருவின் எதிர்ப்பக்கமாகப் போக ஆரம்பித்தேன். அவர் எதிர்ப்பக்கத்துக்கும் கேட்கிற குரலில் கேட்டார்.

மாநகராட்சி அலுவலகத்துக்கு மனு எழுதினேன். பிடித்த நாள், பிடித்த இடம், நாய்களின் நிறம், காது அடையாளம், மேற்கோள் விதி, கோரும் நிவாரணம் எல்லாம் பத்தி பிரித்து எழுதி, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். ஒப்புகை வந்தது. பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் ஒப்புகை வந்தது. நேரில் போனபோது இது வேறு பிரிவு என்றார்கள். வேறு பிரிவில், வண்டி ஒப்பந்தக்காரருடையது, ஒப்பந்தக்காரரின் விவரம் முதல் பிரிவில் இருக்கிறது என்றார்கள். நானும் இந்த வாக்கியத்தை என் காலத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று தெரியாது. நன்றாகத்தான் சொன்னார்கள், மரியாதையாக, நாற்காலி போட்டு.

இதற்கிடையில் தேய்ப்புக்கார அம்மாள் தன் குடியிருப்புக்கு அப்பால் சதுப்பு நிலத்தை ஒட்டிய குப்பை மேட்டில் காது வெட்டிய நாய்களைப் பார்த்ததாகச் சொன்னார். எங்கெங்கோ பிடித்த நாய்களைப் பல வண்டிகள் அங்கே கொண்டுவந்து இறக்குவதாகப் பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியும் நானும் அவரோடு போனோம். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் மேட்டைச் சுற்றி வந்தோம். நிறைய நாய்கள் இருந்தன, அத்தனையும் எலும்பு. சில காது வெட்டியவை. அங்கே ஏற்கெனவே இருந்தவை புதிதாக வந்தவற்றை மேட்டின் மேல் ஏற விடவில்லை. வந்தவை அடிவாரத்தில் முதுகெல்லாம் கடிபட்டுச் சீழ் கோத்து நின்றன. இருக்கிற சோற்றுக்கு ஏற்கெனவே ஆள் நிறைந்துவிட்டது என்று மனைவி சொன்னாள். ஆசிரியைக் குரல் இல்லை அது.

கெழவி அங்கே இல்லை. அந்த அம்மாள் பொறைப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தார்.

"எங்கள இட்டாந்து வுட்ட எடத்துலதான் அதுங்களையும் வுடறாங்க" என்றார் பஸ் நிறுத்தத்தில். "எங்களுக்காச்சும் பஸ் கீது."

ஆடி பிறந்தது. மண்டபம் பூட்டிக் கிடந்தது. சந்தில் இலை இல்லை, நாய் இல்லை. பெருச்சாளிகள் மட்டும் பட்டப்பகலில் நடமாடின. செயலாளர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் காலியான சந்தின் படத்தைப் போட்டார். கைதட்டும் கைகள், கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. யாரோ அவருக்குப் பொன்னாடை போர்த்தலாம் என்று யோசனை சொன்னார், அதையும் போர்த்தினார்கள். என்னைப் படிக்கட்டில் பார்த்தபோது, "டீச்சர் சொன்ன மாதிரி ஒண்ணும் வரலையே சார்" என்றார். நான் மனைவியிடம் சொன்னேன். அவள் காலண்டரைப் பார்த்தாள்.

"ஆவணி பொறக்கட்டும்" என்றாள்.

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தத்துக்கு இரண்டு கல்யாணம், காலையில் ஒன்று, மாலையில் வரவேற்பு ஒன்று. சந்தில் இலை மதில் உயரத்துக்குக் குவிந்தது. சாயங்காலத்துக்குள் ரயில் பாதையைத் தாண்டி முதல் நாய் வந்தது. அந்த வாரக் கடைசியில் ஜன்னலிலிருந்து பார்த்தபோது முன்பு இருந்ததைவிட அதிகமாகவே இருந்தன. எதற்கும் காது வெட்டவில்லை. பெட்டைகளுக்காகக் கடுவன்கள் விடிய விடியச் சண்டை போட்டன. தெருக்காரர்கள் இவற்றுக்கு அந்நியர்கள், இவை தெருக்காரர்களுக்கு அந்நியம். செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் படம் எதுவும் போடவில்லை.

அந்த நாட்களில் ஒரு மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில், காவலாளி சந்தில் இலைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு செவலை நாய் தனியாக வந்து சுவரோரம் நின்றிருக்கிறது. இளைத்திருந்தது. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. ஒரு பக்கக் காதில் நுனி இல்லை. மாதக்கணக்காக அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். ஆட்டுக்கல் குழியில் சாதத்தைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டிருக்கிறார். வரவில்லை. கிட்டே போய்த் தலையில் கை வைத்தார். அது முன்கையைக் கவ்வி, உதறி, விட்டுவிட்டு ஓடியது. மறுநாள் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை.

இது எதுவும் அப்போது எங்களுக்குத் தெரியாது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் செயலாளர் காதுக்குப் போகும், மறுபடி வண்டி வரும், வந்தால் இந்த முறை கெழவி திரும்பாது என்று நினைத்திருக்கிறார். தன் மனைவியிடம் மட்டும் சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டே. அந்த அம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதற்கு அவர் சொன்ன பதிலைப் பிற்பாடு எனக்கு அப்படியே திருப்பிச் சொன்னார்:

"நம்ம நாய்க்குதான் ஊசி போட்டுக்கீதேடி. எனக்கு இன்னாத்துக்கு?"

காயத்தைத் தண்ணீரில் அலசி, மஞ்சள் அப்பி, துணி சுற்றிக்கொண்டார். ஆறிவிட்டது. முகூர்த்தங்கள் அடுத்தடுத்து இருந்தன.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலை என் மனைவி புடவைகளை எடுத்துக்கொண்டு புங்கமரத்தடிக்குப் போனாள். நான் குடை பிடித்தேன். காவலாளி வண்டிப் பலகையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாகக் காய்ச்சல், கையில் பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று அந்த அம்மாள் சொன்னார். டீ வாங்கி வைத்திருந்தார்கள். அவர் கிளாஸை எடுத்தார், வாயருகே கொண்டுபோனார், தொண்டை இழுத்துக்கொண்டது, கிளாஸ் கீழே விழுந்தது. அவரே பயந்துபோய் அதைப் பார்த்தார். என் மனைவி புடவைகளை என் கையில் கொடுத்தாள்.

"உங்களை எதாவது கடிச்சுதா?" என்று கேட்டாள்.

அந்த அம்மாள் அவருடைய சட்டைக் கையை மேலே ஏற்றினார். தழும்பு காய்ந்து வெளுத்திருந்தது.

"அது நம்ம கெழவிதான் டீச்சரம்மா" என்றார் அவர். "பசில கடிச்சிடுச்சி. ஊசி போட்ட நாய் அது."

"கெழவின்னு எப்படித் தெரியும்?"

"காது வெட்டிக்கீதே."

"நேரா வெட்டின மாதிரி இருந்துதா? இல்ல கடிச்சுக் கிழிஞ்ச மாதிரியா?"

அவர் யோசித்தார். காற்று முகத்தில் பட்டபோது கழுத்தைத் திருப்பிக்கொண்டார். "இருட்டு அங்க" என்றார் கடைசியில். பிறகு, "வேற நாயா டீச்சரம்மா?" என்று கேட்டார்.

என் மனைவி என் பக்கம் திரும்பி, ஆட்டோ கூப்பிடுங்கள் என்றாள்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் சின்னப் பெண். தழும்பைப் பார்த்தார், ஒரு கிளாஸ் தண்ணீரைக் காட்டிப் பார்த்தார், எங்களைத் தாழ்வாரத்துக்கு அழைத்து வந்தார். வெறிநோய் வெளிப்பட்ட பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று அவர் தேடிக்கொண்டிருந்தபோது, என் மனைவி, தெரியும் என்றாள். தனி அறையில் வைத்தார்கள். காற்றுப் படாமல் ஜன்னலை மூடினார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். அந்த அம்மாள் வெளியே பெஞ்சில் இருந்தார். இடையிடையே உள்ளேயிருந்து காவலாளி தெளிவாகவே பேசினார். மண்டபத்துச் சாவியை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொன்னார். அடுத்த முகூர்த்தத்துக்கு முன்பே போய்விட்டார்.

கூடவே இருந்தவர் என்பதால் அந்த அம்மாளுக்கு ஊசி போட்டார்கள். எல்லா ஊசியையும் குறித்த நாளில் தவறாமல் போய்ப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு முறையும் அட்டையைக் கொண்டுவந்து என் மனைவியிடம் காட்டுவார். அவள் பார்ப்பாள், அவர் மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார்.

சங்கம் இரங்கல் தீர்மானம் போட்டது. செயலாளர் என் வீட்டுக்கு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இப்படி ஆகும் என்று யாருக்குத் தெரியும் என்றார். என் மனைவி சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. போகும்போது அறிவிப்புப் பலகையிலிருந்த என் காகிதத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டார். மழைச்சாரலில் சிவப்புக் கோடு கரைந்து இறங்கி, எழுத்தெல்லாம் பழுப்பாகியிருந்தது. இருக்கட்டும் என்றேன்.

அந்த இலைக் குவியல் மட்டும் மாறவில்லை. புதுக் காவலாளி வந்தார், வேறு மாநிலத்துப் பையன், நாய்களைக் கல்லால் அடிப்பான். அவை கொஞ்சம் தள்ளிப்போய் நின்று, அவன் திரும்பியதும் வந்து தின்னும். கார்த்திகையில் மூன்று பெட்டைகள் குட்டி போட்டன. மார்கழியில் கல்யாணம் நின்று, சந்தில் இலை விழவில்லை. மனைவி ஜன்னலை மூடியே வைத்தாள். ஆனாலும் குட்டிகளின் சத்தம் கேட்டது. சில நாட்களில் அதுவும் குறைந்தது. எத்தனை மிஞ்சும் என்று அவளிடம் நான் கேட்கவில்லை.

இதற்குள் நான் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வரைக்கும் வந்திருந்தேன். ஒரே கேள்விதான் கேட்டேன்: இன்ன நாளில், இன்ன தெருவில் பிடிக்கப்பட்ட நாய்கள் எங்கே விடப்பட்டன? முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். முப்பது நாள் போனது. முதல் மேல்முறையீடு செய்தேன். விசாரணைக்கு அழைத்தார்கள், தேதியைத் தள்ளிவைத்தார்கள், மறுபடி அழைத்தார்கள். இது எதற்கு என்று மனைவி ஒருமுறை கேட்டாள். தெரிந்துகொள்ள என்றேன். உங்களுக்குத்தான் தெரியுமே என்றாள். அது உண்மை. ஆனால் அந்த அம்மாள் ஒவ்வொரு நாளும் வண்டியைப் போட்டதும் அடியில் குனிந்து கரித்தூளைக் கையால் ஒதுக்கி, ஒரு நாய் படுக்கும் அளவுக்கு இடம் செய்து வைத்துக்கொண்டிருந்தார். கெழவிதான் கடித்ததா, கடித்தது வேறா, கெழவி உயிரோடு எங்காவது இருக்கிறதா என்பது அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. புருஷனை யாருடைய பொறை கொன்றது என்று அவர் தனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது. அலுவலகம் ஓர் இடத்தின் பெயரை எழுதிக் கொடுத்தால், அந்தக் கணக்கில் தன் கையை மட்டும் அல்லாமல் வேறொரு கையையும் அவர் சேர்த்துக்கொள்ள முடியும். அதற்காகத்தான்.

பதில் வந்தது. சாதாரணத் தபாலில், மடித்த ஒற்றைத் தாள். எடுத்துக்கொண்டு நேரே புங்கமரத்தடிக்குப் போனேன். அவர் பட்டு வேஷ்டி ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார், மண்டபத்துக்கு அவசரமாம்.

"இன்னா சார் போட்டுக்கீது?"

படித்தேன். பார்வையில் காணும் மனுவில் குறிப்பிடப்பட்டுள்ள நாய்கள் அனைத்தும் உரிய சிகிச்சைக்குப் பின், நடைமுறையிலுள்ள விதிகளின்படி, பிடிக்கப்பட்ட அதே இடத்தில் விடப்பட்டன. மனுதாரர் கோரிய தகவல் அளிக்கப்பட்டுவிட்டதால் மனு முடித்துவைக்கப்படுகிறது. கையொப்பம், முத்திரை.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். வண்டிக்கு அடியில் பார்த்தார். பிறகு சந்தின் பக்கம் பார்த்தார். அங்கே முதல் பந்தியின் இலைகளைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ரயில் பாதைப் பக்கத்திலிருந்து நாய்கள் வந்துகொண்டிருந்தன.

"அப்போ அதுதான் கடிச்சிதுன்றாங்களா?" என்று கேட்டார்.

அதற்குப் பதில் தாளில் இல்லை. திருப்பிப் பார்த்தேன். மேல் மூலையில் அனுப்பிய தேதிக்கான இடத்தை நிரப்பாமல் விட்டிருந்தார்கள். அது வந்து சேர்ந்த தேதியை நான்தான், பழைய பழக்கத்தில், பேனாவால் அதில் குறித்தேன்: தை மாதம், முதல் முகூர்த்த நாள்.